எம்டனும் அண்ணன் பையனின் பீரங்கியும்

"ச்சே... இதுவும் பின்னாடியே விழுது சித்தப்பா!"

போன ஞாயித்துக்கிழமை மறைமலைநகர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுட்டு கண் அசரலாம்னு பார்த்தா அண்ணன் பையன் விடல. கம்ப்யூட்டர்ல ஏதோ போர் விளையாட்டு. இவன் கையில கரையில இருக்குற பெரிய பீரங்கி, தூரத்துல குறுக்கே போகுது எதிரிக் கப்பல். பய குறிபார்த்து குறிபார்த்து சுடுறான், குண்டு எல்லாம் கப்பலுக்குப் பின்னாடி தண்ணியில போய் விழுது.

"டேய், ஓடுற பஸ்ஸுல ஏறும்போது படி இப்ப இருக்குற இடத்துக்கா ஓடுவே? அது வரப்போற இடத்துக்குத்தானே ஓடுவே? அதேதான் இதுவும்"னு சொன்னேன்.

கணக்கு சிம்பிள்தான். 20 நாட் வேகத்துல போற கப்பல் ஒரு செகண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகரும். குண்டு போய்ச் சேர 20 செகண்ட் ஆச்சுன்னா, அதுக்குள்ள கப்பல் 200 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதனால கப்பலைக் குறிவைக்கக் கூடாது, அதுக்கு 200 மீட்டர் முன்னால இருக்குற வெறும் தண்ணியைக் குறிவைக்கணும். பய அப்படியே செஞ்சான். நாலாவது குண்டு பட்டுச்சு. வீடே அதிர்ற மாதிரி ஒரு கூச்சல்.

எனக்கு அப்பத்தான் 1914 ஞாபகம் வந்துச்சு.

எம்டன் கதை நம்ம எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்னுச்சு. கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர். சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டாங்குகளைப் பார்த்துச் சுட ஆரம்பிச்சாங்க. சுமார் 125 குண்டு. டாங்குகள் பத்தி எரிஞ்சுது. துறைமுகத்துல நின்ன ஒரு கப்பலும் அடிபட்டுச்சு, உயிர்களும் போச்சு. அரை மணி நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு கப்பல் இருட்டுல மறைஞ்சிருச்சு. ஹைகோர்ட் சுவர்ல இருக்குற கல்வெட்டு இன்னிக்கும் இதைச் சொல்லுது.

ஆனா நாம அதிகம் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. சென்னைக் கரையிலயும் பீரங்கி இருந்துச்சு. திருப்பிச் சுடவும் செஞ்சாங்க. ஒண்ணுகூட எம்டன் மேல படல!

இத்தனைக்கும் எம்டன் நின்னது வெறும் 3 கிலோமீட்டர் தூரத்துல. கப்பலோட நீளம் 118 மீட்டர். அண்ணன் பையன் நாலாவது குண்டுல அடிச்சதை அந்த பீரங்கிக்காரங்க ஏன் அடிக்க முடியல?

இதைப் பத்தி யோசிச்சுக்கிட்டே சாயங்காலம் பயலையும் கூட்டிக்கிட்டு மாமல்லபுரம் போனேன். கலங்கரை விளக்கம் இருக்குற பாறை மேல ஏறி நின்னா கடல் பரந்து கிடக்கு. தூரத்துல ஒரு ஃபைபர் போட். "அது எவ்வளவு தூரம்டா இருக்கும்?"னு கேட்டேன். ஒரு கிலோமீட்டர்னான், அப்புறம் மூணுன்னான், அப்புறம் "மேப் இருந்தாத்தான் தெரியும்"னுட்டான்.

அங்கதான் விஷயமே இருக்கு. விளையாட்டுல தூரத்தை கம்ப்யூட்டரே காட்டிடும். நிஜத்துல பீரங்கிக்காரனே கண்டுபிடிக்கணும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில பிரிட்டிஷ் ராணுவத்துல வாட்கின்னு ஒருத்தர் இதுக்கு ஒரு கருவி செஞ்சார். உயரமான இடத்துல நின்னு, கப்பல் தண்ணியைத் தொடுற கோட்டைப் பார்க்கணும். பார்வை எவ்வளவு கீழே சாயுதோ அந்தக் கோணத்தை வச்சு தூரம் சொல்லிடலாம். 30 மீட்டர் உயரத்துல நின்னா, 3 கிலோமீட்டர் தூரக் கப்பலுக்குச் சாய்வு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல. 6 கிலோமீட்டர்னா அதுல பாதி. எவ்வளவு நுணுக்கம் பாருங்க! கடல் ஏத்த இறக்கத்தையும் கணக்குல சேர்க்கணும். தட்டையான சென்னைக் கரையில அந்த உயரத்துக்கு எங்க போறது?

அடுத்தது, முதல் குண்டு எங்க விழுந்துச்சுன்னு தண்ணி எழும்புறதைப் பார்த்துத்தான் அடுத்ததைத் திருத்துவாங்க. முன்னால விழுந்தா தூரத்தைக் கூட்டு, தாண்டி விழுந்தா குறை. ராத்திரியில, சர்ச்லைட் கண்ணைக் கூசுறப்ப, எதைப் பார்த்துத் திருத்துறது?

எல்லாத்துக்கும் மேல, வந்து நிக்கிறவன் எதிரின்னு முதல்ல தெரியணுமே! விளையாட்டுல எதிரி தலைக்கு மேல சிவப்புக் குறி இருக்கும். எம்டனோ பொய்யா நாலாவது புகைபோக்கி ஒண்ணை மாட்டிக்கிட்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போடும். அதே 1914 அக்டோபர் 28 அன்னிக்கு அந்த வேஷத்தோடயே பினாங்குத் துறைமுகத்துக்குள்ள போய் ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடிச்சது.

கரைப் பீரங்கி ஜெயிச்ச கதையும் இருக்கு. 1940 ஏப்ரல் 9, நார்வே. ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையில 1890கள்ல வச்ச பழைய பீரங்கிகள். இருட்டுல புதுசா ஒரு பெரிய கப்பல் வருது. யாரோடதுன்னு உறுதியாத் தெரியாமலே கர்னல் எரிக்சன் சுடச் சொன்னார். ரெண்டே குண்டு, ரெண்டும் பட்டுச்சு. அப்புறம் டார்பிடோவும் போச்சு. ஜெர்மனியோட ப்ளூஷர் மூழ்கிடுச்சு, நார்வே அரசர் ஆஸ்லோவை விட்டுத் தப்பிக்க நேரம் கிடைச்சது. 1941 டிசம்பர் 11 அன்னிக்கு வேக் தீவுலயும் இப்படித்தான். ஜப்பான் கப்பல்கள் கிட்ட வர்ற வரைக்கும் அமெரிக்கர்கள் சுடாம காத்திருந்து ஹயாட்டே கப்பலைக் காலி பண்ணாங்க.

ரெண்டு இடத்துலயும் அடிச்சது தூரத்துல இல்ல, பக்கத்துல. கிட்ட வந்துட்டா முன்னால குறிவைக்கிற கணக்கும் சின்னதாயிடும், தப்பும் சின்னதாயிடும். ஆனா காத்திருக்கணும்னா முன்னாடியே தயாரா இருக்கணும். சென்னைக்கு அது வாய்க்கல. எதிரியை எதிர்பார்க்காத ஊர்ல பீரங்கி இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல ஜனங்க ஊரை விட்டு ஓடினாங்க. தெற்கே ரயிலேறினவங்க இன்னிக்கு நம்ம மறைமலைநகர் இருக்குற இதே பாதை வழியாத்தான் போயிருக்கணும். 1914 நவம்பர் 9 அன்னிக்கு கோகோஸ் தீவு பக்கத்துல ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் எம்டனை முடிச்சுக் கட்டுச்சு. ஆனா பேரு போகல. பொல்லாத ஆளை 'எம்டன்'னு சொல்றோம். அவனை அடிக்க முடியாமப் போன பீரங்கிக்காரங்களுக்குத்தான் ஒரு பேரும் மிஞ்சல.

திரும்பி வர்றப்ப பைக்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு பய கேட்டான்: "அப்ப அந்த சிவப்புக் குறியை ஆஃப் பண்ணிட்டு விளையாடிப் பார்க்கவா சித்தப்பா?"

"பண்ணிப் பாரு"ன்னேன். ராத்திரி போன் வந்துச்சு. பதினேழு குண்டுல ஒண்ணுகூடப் படலையாம். அதுல ரெண்டு சொந்தக் கப்பலைப் பார்த்துச் சுட்டதாம் :-)

டிஸ்கி: உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது எம்டன் குண்டு போட்ட கதை சொல்லிக் கேட்டிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.