சிம்மை மட்டும் வாங்கிய சமூகம்



பிரித்தானியாவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அங்கே இறங்கியதும் கேள்விப்படும் ஒரு சொல் "சிம் ஒன்லி". அங்கே பலர் போனையும் கம்பனியிடமே எடுக்கிறார்கள். அதன் விலையை மாதக் கட்டணத்தோடு சேர்த்து இரண்டு, மூன்று வருடம் கட்டுகிறார்கள். அப்படி மாட்டிக்கொள்ளாமல், கையில் இருக்கும் போனுக்கு சிம்மை மட்டும் எடுப்பதுதான் சிம் ஒன்லி.

இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நாம் வேறு எதை வாங்கினோம்? போன் சவூதியிலிருந்து மச்சான் கொண்டு வந்தது, அல்லது நானா பாவித்துவிட்டுத் தந்தது. சிம் சந்திக் கடையில் எடுத்தது. அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த சுதந்திரம் நமக்குப் பழகிப்போன ஒன்று.

ஆனால் இவ்வளவு சுதந்திரம் இருந்தும், நம் வீடுகளில் எத்தனை பேர் தமக்குப் பொருத்தமான பெக்கேஜைத் தெரிந்து எடுத்திருக்கிறோம்? "எல்லாரும் அதுதான் போடுறாங்க", "கடைக்காரர் போட்டுத் தந்தார்" என்பதுதான் பெரும்பாலும் நம் பதில். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, முப்பத்தைந்து வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1989இல் செல்டெல் இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோல்லிங்க், 1993இல் மொபிடெல் என்று அடுத்தடுத்து வந்தன. அன்றைய போன்களில் சிம் கிடையாது. இலக்கம் போனுக்குள்ளேயே பதியப்பட்டிருக்கும். போனை மாற்றுவதென்றாலும் கம்பனியிடம்தான் போக வேண்டும். நாம் எடுக்கும் கோலுக்கும் காசு, நமக்கு வரும் கோலுக்கும் காசு. அது பெரிய வியாபாரிகளின் பொருளாக இருந்தது.

நம் ஊர்களின் கதை வேறு. வீட்டுக்கு லைன் எடுக்க விண்ணப்பித்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த காலம் அது. வாப்பாமாரும் உம்மாமாரும் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கியபோது, குரல் வந்தது கெசட்டில்தான். அங்கே பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். பிறகு சந்திக்குச் சந்தி "கொமினிகேஷன்" கடைகள் வந்தன. ஜித்தாவிலிருந்து கோல் வந்தால் கடைப் பையன் சைக்கிளில் வந்து கூப்பிடுவான். உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவா. கடையில் நிற்கும் எல்லாரும் கேட்கத்தான் குடும்பக் கதையைப் பேச வேண்டும். கண் மட்டும் நிமிடத்தையும் ரூபாயையும் காட்டும் அந்தச் சின்னப் பெட்டியிலேயே இருக்கும்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஒரு மாற்றம் நடந்தது. 1991இல் பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனம் முதலாவது ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியது. அதற்கான முதல் 300 சிம் அட்டைகளை ஜெர்மனியின் கீஸெக்க அண்ட் டெவ்ரியண்ட் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. அட்டை அன்று வங்கி அட்டை அளவில் இருந்தது. நாணயத்தாள் அச்சிடும் ஒரு நிறுவனம்தான் சிம்மையும் செய்தது என்பது பொருத்தமே. இரண்டிலும் முக்கியம் போலி செய்ய முடியாத அடையாளம்.

சிம் செய்த வேலை எளிமையானது. ஆளின் அடையாளத்தைப் போனிலிருந்து பிரித்து எடுத்தது. போன் ஒரு பொருள், இலக்கம் வேறொரு பொருள் என்று ஆகிவிட்டது. 1995இல் டயலொக் இலங்கையில் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியபோது இந்தப் பிரிவினை இங்கேயும் வந்தது. பாவித்த போன் கைமாறவும், வெளிநாட்டுப் போன் ஊரில் வேலை செய்யவும், பழுதான போனிலிருந்து சிம்மைக் கழற்றி ராத்தாவின் போனில் போட்டுப் பேசவும் முடிந்தது இதனால்தான்.

அடுத்த பெரிய மாற்றம் ப்ரீபெய்ட். மாதாந்த பில் எடுக்க நிலையான வருமானம், முகவரிச் சான்று, வைப்புப் பணம் என்று கேட்டார்கள். கடலுக்குப் போகிறவரிடமும் வயல் செய்கிறவரிடமும் சம்பளத் துண்டு எங்கே இருக்கும்? டயலொக்கின் "கிட்" போன்ற ப்ரீபெய்ட் சேவைகள் அதைக் கேட்கவில்லை. காசு இருந்தால் கார்ட்டைச் சுரண்டு, இல்லாவிட்டால் சும்மா வைத்திரு. நாட்டில் கையடக்கத் தொலைபேசி சாதாரண மக்களிடம் வந்து சேர்ந்தது இந்த வாசலால்தான்.

இந்த வாசலில்தான் நாம் மிஸ்ட் கோல் மொழியையும் கற்றுக்கொண்டோம். ஒரு ரிங் என்றால் "வந்து சேர்ந்துட்டேன்", இரண்டு ரிங் என்றால் "நீங்க எடுங்க". காசு செலவழியாமல் செய்தி சொல்லும் அந்தச் சாமர்த்தியம் யாரும் கற்றுத் தந்ததல்ல.

வடக்குக்கும் கிழக்குக்கும் யுத்தம் ஒரு தடையாகவே இருந்தது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் கோபுரங்கள் பெருகத் தொடங்கின. அதற்குப் பின் சில வருடங்களில் மேசையில் வைக்கும் சிடிஎம்ஏ போன்கள் வந்தபோது, முதல் தடவையாகச் சொந்த வீட்டுக்குள் இருந்து பேசக் கிடைத்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய.

பிறகு வந்தது போட்டிக் காலம். 2007இல் செல்டெல் டிகோ ஆனது, 2010இல் அதுவே எடிசலாட் ஆனது. கோல்லிங்க் அதற்கு முன்பே ஹட்ச் ஆகியிருந்தது. 2009 ஜனவரியில் எயார்டெல் வந்தது. ஐந்து கம்பனிகள், சின்னத் தீவு. கோல் கட்டணம் எவ்வளவு இறங்கியது என்றால், 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு "இதற்குக் கீழே இறக்கக் கூடாது" என்று குறைந்தபட்சக் கட்டணம் விதிக்க வேண்டி வந்தது. விலை கூடிவிட்டது என்று அரசு தலையிடுவதைத்தான் நாம் வழக்கமாகப் பார்த்திருக்கிறோம். இது மறுபக்கம்.

அந்தப் போட்டியில் நமக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒரே கம்பனிக்குள் பேசினால் மலிவு, வேறு கம்பனிக்குப் பேசினால் கூட. அதனால் குடும்பமே ஒரு கம்பனியில் சேர்ந்தது. 077 வீடு, 071 வீடு, 072 வீடு என்று பிரிந்தோம். மருமகன் 078 வைத்திருந்தால் மாமி வீட்டிலிருந்து கோல் குறையும். பெக்கேஜைத் தெரிவு செய்தது நம் தேவையல்ல. சொந்தக்காரரின் இலக்கம் தெரிவு செய்தது. "எல்லாரும் அதுதான் போடுறாங்க" என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது. அன்று அதில் நியாயமும் இருந்தது.

இன்னொரு கட்டும் விழுந்தது. கம்பனியை மாற்றினால் இலக்கமும் மாறும். இந்தியாவில் 2011 ஜனவரியிலிருந்து இலக்கத்தை வைத்துக்கொண்டே கம்பனியை மாற்றும் வசதி நாடு முழுவதும் இருக்கிறது. இங்கே அது பல வருடங்கள் வெறும் பேச்சாகவே ஓடியது. போன் நம்மைக் கட்டவில்லை, ஒப்பந்தமும் கட்டவில்லை. இலக்கம் கட்டியது. அதற்கு நாம் கண்ட மருந்து இரண்டு சிம் போடும் போன். மருந்துக்கும் விலை உண்டு. இரண்டு ரீலோட், இரண்டு காலாவதித் திகதி.

டேட்டா காலத்தில் இந்தக் கதை இன்னும் சிக்கலானது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டும் வேலை செய்யும் பெக்கேஜ்களை எடுத்தோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் நம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்ட நாட்களை யாரும் மறக்கவில்லை. அப்போது அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. கண்டியில் இருக்கும் சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க வேண்டிய நேரத்தில், சமூக வலைத்தள பெக்கேஜ் மட்டும் வைத்திருந்தவர் கையில் இருந்தது வெறும் கண்ணாடி. கோல் நிமிடமோ கொஞ்சம் ரீலோட் காசோ வைத்திருந்தவர்தான் பேசினார். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் இன்னொரு பாடம் வந்தது. வகுப்புகள் வாட்ஸ்அப்பில் தொடங்கி, ஸூமுக்கு மாறின. வாட்ஸ்அப் பெக்கேஜில் ஸூம் திறக்காது. மூன்று பிள்ளைகள், ஒரு போன், அந்தப் போனில் இப்படியொரு பெக்கேஜ். பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஆசிரியர்களாகிய நாங்கள் நினைக்கக்கூடிய இடத்தில், உண்மையில் இருந்தது பொருந்தாத பெக்கேஜ்.

பிறகு 2022 வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கையடக்கத் தொலைபேசிக் கட்டணங்களை 20 வீதம் உயர்த்த ஆணைக்குழு அனுமதித்தது. வற் வரி 8 வீதத்திலிருந்து அந்த வருடமே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. 2018இல் ஹட்ச் எடிசலாட்டை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. ஐந்தாக இருந்தது மூன்றானது. போட்டி நமக்காக விலையை இறக்கித் தந்த காலம் போய்விட்டது. இனி கணக்குப் பார்க்க வேண்டியது நாம்தான்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை சில.

முதலாவது, விலையைப் பார்க்க முன் நாளைப் பாருங்கள். 30 நாள் பெக்கேஜ் என்றால் வருடத்துக்கு 12 தடவை போட வேண்டி வரும். 28 நாள் என்றால் 13 தடவை. 7 நாள் என்றால் 52 தடவை. சின்னத் தொகை சின்னதாகத் தெரியும். வருடத்தால் பெருக்கிப் பார்த்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும்.

இரண்டாவது, பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஜீபியை நம்ப வேண்டாம். அதில் எவ்வளவு எந்த நேரமும் பாவிக்கலாம், எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும், எவ்வளவு குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் என்று பிரித்துப் பாருங்கள். தஹஜ்ஜுதுக்கு எழும்புகிறவருக்கும் இரவு டேட்டாவால் பெரிய பயன் இல்லை.

மூன்றாவது, 077, 071 என்ற பழைய சாதி இன்று தேவையில்லை. எல்லா வலையமைப்புக்கும் பேசக்கூடிய நிமிடங்கள் பெக்கேஜ்களிலேயே கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக்குள், உங்கள் வயலில், பிள்ளை படிக்கும் அறையில் எதற்குச் சிக்னல் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மை அரை மணி நேரம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தானே சிம் கழற்றிப் போடும்படி செய்யப்பட்டது.

நான்காவது, என்ன பெக்கேஜ் எடுத்தாலும் சாதாரண கோல் ஒன்று எடுக்கக் கொஞ்சம் மீதி வைத்திருங்கள். 2018 அதைத்தான் சொல்லித் தந்தது.

கடைசியாக, சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இதை நாம் கவனிப்பதே இல்லை. உம்மா பாவிக்கும் சிம் வாப்பாவின் அடையாள அட்டையில், தங்கை பாவிப்பது நானாவின் பெயரில். வாப்பா மவுத்தானால் என்ன நடக்கும்? உம்மா இத்தாவில் இருப்பா. வங்கியின் இரகசிய இலக்கம் அந்த சிம்முக்குத்தான் வரும். வெளிநாட்டிலிருக்கும் மகனின் காசும் அந்த இலக்கத்தோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். யாரும் ரீலோட் போடாமல் விட்டால் காலப்போக்கில் அந்த இலக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். உரியவர் உயிரோடு இருக்கும்போது பெயர் மாற்றுவது ஒரு நாள் வேலை. பிறகு அது அலைச்சல்.

சிம் கண்டுபிடிக்கப்பட்டது ஆளின் அடையாளத்தை ஆளிடமே கொடுப்பதற்காக. நம் வீடுகளில் பெண்களின் அடையாளம் இன்னும் வேறொருவர் பெயரில் கிடக்கிறது.

வீண்விரயம் பற்றி நாம் பயான்களில் நிறையக் கேட்கிறோம். சோற்றையும் தண்ணீரையும் நினைக்கிறோம். பாவிக்காமல் காலாவதியாகும் டேட்டாவும், கேட்காமலே மாதாமாதம் காசு வெட்டும் ரிங்டோன் சேவையும் அதே கணக்கில்தான் வரும். உழைத்த காசு அது. பாலைவன வெயிலில் உழைத்த காசும் அதில் இருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, உம்மாவின் போனை ஒரு பத்து நிமிடம் வாங்கிப் பாருங்கள். என்ன பெக்கேஜ், எத்தனை நாள், என்னென்ன சேவை, யாருடைய பெயர் என்ற நான்கையும் பார்த்தால் போதும்.