சீகிரியாவும் பல்துறை ஆய்வும்: மன்னர் கதையிலிருந்து மக்கள் வரலாற்றுக்கு

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியிலே, சூழவுள்ள சமவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்று நெடுங்காலமாக ஒரு மன்னனின் கதையாகவே கூறப்பட்டு வந்துள்ளது. தந்தையைக் கொன்று அரசு கட்டிலேறிய முதலாம் காசியப்பன் (கி.பி. 477-495) சகோதரனுக்கு அஞ்சி அங்கு அரண் அமைத்தான் எனச் சூளவம்சம் கூறும். ஆயின், அவ்வரணுக்குக் கல் பிளந்தோர் யாவர், உளிக்கு வேண்டிய இரும்பை உருக்கியோர் யாவர், அவர்களுக்குச் சோறளித்த வயல்கள் எவை என்னும் வினாக்களுக்கு அந்நூலில் விடையில்லை. அவ்வினாக்கள் எழுப்பப்பட்ட வரலாறே இங்கு நோக்கப்படுகின்றது.

சீகிரியாவின் அகழ்வுப் பணியை 1890களில் எச்.சி.பி. பெல் தொடங்கினார். கண்ணாடிச் சுவரிலே பிற்காலப் பார்வையாளர் பொறித்துச் சென்ற பாக்களுள் 685ஐ வாசித்து, 1956இல் நூலாக வெளியிட்டார் செனரத் பரணவிதான. இவை தனிப்பட்ட அறிஞரின் அரும்பெரும் சாதனைகள். எனினும், ஒரு துறையின் அறிவு மாத்திரம் போதாது என்பதை 1967 ஒக்ரோபரில் நிகழ்ந்த அனர்த்தம் உணர்த்திற்று. விஷமிகள் சுவரோவியங்கள்மீது பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். அவற்றை மீட்பதற்கு இத்தாலிய நிபுணர் லூசியானோ மரான்சி வரவழைக்கப்பட்டார். ஓவியத்தின் அழகை விளக்கக் கலை வரலாற்றாசிரியர் போதும். அதைக் காப்பதற்குச் சாந்தின் சேர்க்கையையும் வர்ணத்தின் தன்மையையும் அறிந்த இரசாயனவியலாளரும் வேண்டும்.

1980இல் மத்திய கலாசார நிதியம் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அதன்கீழ் நடைபெற்ற யுனெஸ்கோ கலாசார முக்கோணத் திட்டத்திலே பல்கலைக்கழக ஆசிரியர் பலர் களப்பணிகளுக்குத் தலைமை தாங்கினர். சீகிரியாப் பணியை நெறிப்படுத்தியவர் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க. 1986இல் அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்த தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் தோன்றியபோது அதன் முதற் பணிப்பாளரும் அவரே. 1980களின் பிற்பகுதியில் இந்நிறுவகம் சுவீடன் ஆய்வாளருடன் இணைந்து சீகிரியா-தம்புள்ளைப் பிரதேசத்தின் குடியிருப்புகளை ஆராயத் தொடங்கியது. குன்றின் உச்சியை நோக்கியிருந்த பார்வை அடிவாரத்துக் குளங்களுக்கும் ஊர்களுக்கும் திரும்பிற்று.

இதன் பயன் பெரிது. அலகொலவெவ என்னுமிடத்துக்கு அண்மையில் இரும்புருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சாதாரண கண்ணுக்குப் பயனற்ற கசடாகத் தோன்றுவது, உலோகவியலாளருக்கு அக்காலத் தொழில்நுட்பத்தின் ஆவணமாகும். கரியின் காலக்கணிப்போ, காசியப்பனுக்கு முன்னரே இத்தொழில் அங்கு வேரூன்றியிருந்தது எனக் காட்டுகின்றது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவையிலே ஜேர்மன் ஆய்வாளரின் ஒத்துழைப்புடன் ஆராயப்பட்ட கற்பலகை ஈமக்கல்லறைகளிற் கிடைத்த சூதுபவள மணிகள், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே உள்நாட்டு மக்கள் தொலைதூர வாணிபத் தொடர்பு பெற்றிருந்தமைக்குச் சான்றாகின்றன. மாரி காலத்தில் இன்றும் நீர் தெறிக்கும் சீகிரியாப் பூங்கா ஊற்றுகளும், இத்தகைய தொழிலறிவு படைத்த சமுதாயமொன்றின் பேறாகவே கொள்ளத்தக்கன. மன்னனொருவனின் கற்பனை மாத்திரம் அவற்றை ஆக்கியிராது.

இவ்வாய்வுகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. கசடு உலையின் வெப்பத்தைக் கூறும். உலையூதியவன் பேசிய மொழியைக் கூறாது. ஈமத்தாழி, கல்லறை, மணி ஆகியவை தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுடன் ஒப்புமை உடையன என்பது உண்மை. அதனைக் கொண்டு அவற்றை இன்றைய இனமொன்றின் உரிமைப் பத்திரமாக்குதல் சான்றை மீறிய கூற்றாகும். இனப்பூசல் உக்கிரமடைந்திருந்த ஆண்டுகளிலேயே இக்களப்பணிகள் நிகழ்ந்தன என்பதை நினைக்குமிடத்து, இந்நிதானத்தின் பெறுமதி புலனாகும்.

கருவிகள் ஒன்றுசேர்ந்தமையால் மட்டும் மக்கள் வரலாறு பிறந்துவிடவில்லை. வினா மாறியமையாலேயே அக்கருவிகளுக்கு வேலை பிறந்தது. யார் ஆண்டான் என்ற வினாவுக்கு ஏடு போதும். எவ்வாறு வாழ்ந்தனர் என்ற வினாவோ கலைப்பீடத்து மாணவனை விஞ்ஞானபீடத்து ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு இட்டுச் செல்கின்றது. பள்ளிப் பருவத்திலேயே கலை, விஞ்ஞானம் எனப் பிரிக்கப்படும் இந்நாட்டு மாணவர் சீகிரியாவின் அடிவாரத்திற் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.