கடலைப் பார்க்காத மலைக்கும் கடல் வரலாறு உண்டு



ஜவ்வாது மலையில் ஆசிரியராக இருந்தபோது ஒருநாள் சோழர்களின் கடல் வணிகம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், கப்பல், துறைமுகம் எல்லாம் கடற்கரைக்காரங்க கதை. எங்க மலைக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டான். "அப்புறம் சொல்றேன், உட்காருப்பா" என்று சமாளித்துவிட்டேன். உண்மையில் எனக்கே பதில் தெரியாது. ஓய்வுபெற்ற பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த பதில் இது.

முதலில் ஆற்றைப் பாருங்கள். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கம் வழியாக ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலசாலைக் கல்வெட்டு இருக்கிறதே, அதே திருமுக்கூடல்தான். அங்கிருந்து பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. மலையில் பெய்யும் மழைக்குக் கடல்வரை வழி உண்டு.

இந்த ஆற்றைச் சங்க இலக்கியம் அறியும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுகிறது. அவனது நவிரமலை, இன்று நாம் பர்வதமலை என்று அழைக்கும் மலை. சேயாறு என்று அதில் வருவது நம் செய்யாறு. நன்னனின் அரண்மனை வாசலில் மலைமக்கள் கொண்டுவந்து குவித்த பொருள்களைப் புலவர் பட்டியலிடுகிறார்: யானைக் கன்று, கரடிக் குட்டி, சந்தனம், மிளகு, தேன், மூங்கில் குழாயில் விளைந்த தேறல். இந்தக் குவியலுக்கு அவர் சொல்லும் உவமைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மேற்கு மலையில் பிறந்த காவிரி கடலில் கலக்கும் முகத்துவாரம் போல இருந்ததாம்! மலைப்பொருளைப் பாடும்போதே புலவருக்குக் கடல் நினைவு வந்திருக்கிறது.

ஆற்றின் மறுமுனைக்கு வருவோம். பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகில் வசவசமுத்திரம் என்ற சிற்றூர். 1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. ரோமானியரின் இரண்டு கைப்பிடி ஜாடித் துண்டுகளும் (திராட்சை மதுவும் எண்ணெயும் வந்த ஜாடிகள்), ரௌலட்டட் பானை ஓடுகளும், உறைகிணறுகளும் கிடைத்தன. பெரும்பாணாற்றுப்படை பாடும் நீர்ப்பெயற்றுத் துறைமுகம் இதுதான் என்போரும் உண்டு, மாமல்லபுரம் என்போரும் உண்டு. குதிரைகளை இறக்கிய நாவாய்களும், இரவில் தீ எரித்து வழிகாட்டிய கலங்கரை விளக்கமும் அந்தப் பாட்டில் வருகின்றன.

ஜவ்வாது மலைச் சந்தனம் இந்தத் துறையில்தான் கப்பல் ஏறியது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கப்பல் வெறுமனே திரும்பிப் போகாது. துறைமுகத்துக்குப் பின்னால் வயலும் காடும் மலையும் சரக்கு கொடுத்தால்தான் அங்கே கப்பல் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுமத்ரா தீவின் மேற்குக் கரையில், பாரூஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் வெட்டியது. அவர்களை அவ்வளவு தூரம் இழுத்தது கற்பூரம். அதைக் காட்டுக்குள் மரம் மரமாகத் தேடி எடுத்தவர்கள் உள்நாட்டு மலைமக்கள். எஞ்சியிருக்கும் கல்வெட்டு வரிகளில் வணிகர் இருக்கிறார், மரக்கலம் இருக்கிறது. கற்பூரம் எடுத்தவரைக் காணோம்.

இங்கும் அதே கதைதான். அரசன் பெயர் தெரிகிறது, புலவர் பெயர் தெரிகிறது. சந்தனமும் தேனும் சுமந்து இறங்கியவர்களில் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை. நம் பாடப்புத்தகமும் துறைமுகத்தில் தொடங்கி வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது, மலைப்பக்கம் திரும்புவதே இல்லை. அந்த மாணவன் தன் ஊருக்கு வரலாறே இல்லை என்று நினைத்ததில் என்ன தவறு?

இன்றும் ஜமுனாமரத்தூரிலிருந்து புளியும் தேனும் சாமையும் கீழே இறங்குகின்றன. அவற்றைச் சேகரிப்பவர் பெயரை எங்கே எழுதி வைக்கிறோம்?

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மலைப்பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடல் வணிகம் பாடம் வரும்போது, கரும்பலகையில் செய்யாற்றையும் ஒரு கோடு வரையுங்கள்.