எறிந்தவர் எவர்? அங்குலிமாலன் கதையில் மன்னிக்க மறுத்தவர்கள்

அங்குலிமாலனைப் பற்றி எழுதும் எவரும் பௌத்தவியல் அறிஞர் ரிச்சர்டு கோம்பிரிச்சைத் தொடாமல் கடக்க முடிவதில்லை. 1994இல் லண்டனில் அவர் ஆற்றிய ஜோர்டன் சொற்பொழிவுகள் 1996இல் ‘பௌத்தம் எவ்வாறு தொடங்கியது’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயின. அதன் ஓர் இயல், அங்குலிமாலன் யார் என்று கேட்கிறது. வெட்டிய விரல்களை மாலையாக்கி அணிந்தவன் வெறும் வழிப்பறிக்காரனாக இருக்க முடியாது, அது ஏதோ ஒரு நோன்பின் அடையாளம் என்பது அவர் துணிபு. ஆசிரியருக்குக் காணிக்கையாக ஆயிரம் விரல்கள் கேட்கப்பட்டன என்று உரைகள் சொல்லும் காரணம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. புத்தரைக் கண்டதும் அங்குலிமாலன் சொல்வதாக வரும் செய்யுளில், மாமுனிவரைக் குறிக்கும் சொல்லை மகேசனைக் குறிப்பதாகத் திருத்திப் படித்தார். அவ்வாறு படித்தால், நெடுங்காலம் சிவனை வழிபட்டு வந்த ஒருவனின் வாக்குமூலமாக அச்செய்யுள் மாறிவிடுகிறது.

1998இல் மைத்ரிமூர்த்தியும் வான் ரோஸ்பட்டும் இதை விரிவாக மறுத்தனர். அத்தனை தொன்மையான காலத்தில் அப்படியொரு சைவக் கொலைநோன்பு இருந்ததற்குச் சான்று போதாது என்பது அவர்களின் வாதங்களில் முதன்மையானது. அந்த விவாதத்தை இங்கே மீண்டும் நடத்தப் போவதில்லை. என் மறுப்பு வேறு இடத்தில் தொடங்குகிறது. கோம்பிரிச்சின் கேள்வி கதையின் முன்பாதிக்கு உரியது. திருந்துவதற்கு முன் அவன் என்னவாக இருந்தான் என்பதை அது தேடுகிறது. இக்கதையைச் சொல்லும் மச்சிம நிகாயத்தின் 86ஆம் சூத்திரமோ பின்பாதியில்தான் தடுமாறுகிறது. திருந்திய பின் அவரை ஏற்க மறுத்தவர்களை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கான சான்றுகள், கோம்பிரிச்சு நம்பாமல் ஒதுக்கிய உரைகளில்தான் மிகுதி.

முதலில் கோம்பிரிச்சின் கருதுகோளுக்கு, சங்கத்தின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயத்திலிருந்து ஒரு தடை. மகாவக்கத்தின் முதற்பகுதி, வேற்றுச் சமயத் துறவியாக இருந்து சங்கத்தில் சேர வருபவருக்கு நான்கு மாதச் சோதனைக் காலம் விதிக்கிறது. அங்குலிமாலனின் பெயர் அந்த விதியை ஒட்டி வரவில்லை. சற்றுப் பின்னர்க் கள்வர்களைப் பற்றிய விதிகளின் தலைப்பில் வருகிறது. சீவர ஆடையில் அவரைக் கண்ட மக்கள் அஞ்சுகிறார்கள், ஓடுகிறார்கள், கதவை அடைக்கிறார்கள், இப்படிப்பட்டவனுக்கு எப்படித் துறவு கொடுத்தார்கள் என்று குறைகூறுகிறார்கள். அதைக் கேட்ட புத்தர், கொடி கட்டிய கள்வனுக்கு, அதாவது ஊரறிந்த கொள்ளைக்காரனுக்கு, இனித் துறவு தரலாகாது என்று விதிக்கிறார். தொடர்ந்து சிறை உடைத்தவன், தேடப்படுபவன், கசையடி பெற்றவன், சூடு போடப்பட்டவன், கடன்காரன், அடிமை என்று பட்டியல் நீள்கிறது.

விநயத்தைத் தொகுத்தவர்களுக்கு அவர் கள்வர். மாற்றுச் சமயத்தார் அல்லர். நோன்பின் நினைவே அவர்கள் காலத்துக்குள் அழிந்துவிட்டது என்று கோம்பிரிச்சின் பக்கம் நின்று பதில் சொல்லலாம். அது முடியாததன்று. ஆனால், மறக்கப்பட்டது என்று சொல்லி எதையும் நிறுவலாம் என்பதால் அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விநயப் பகுதியில் மற்றொன்றும் கவனத்துக்குரியது. மறுப்பவர்களின் பேச்சு அங்கே வென்றுவிடுகிறது. அங்குலிமாலன் வெளியேற்றப்படவில்லை, ஆனால் அவரைப் போன்ற அடுத்தவருக்கு வாசல் அடைபடுகிறது. மீட்சிக்குப் பெயர்போன கதையின் சட்டப் பயன் இதுதான். சூத்திரமும் விநயமும் ஒரே நிகழ்வை இருவேறு திசைகளில் கொண்டுபோகின்றன. எது முந்தியது என்பதைத் துணிய இப்போதைக்கு வழியில்லை.

சூத்திரத்தில் முதல் எதிர்ப்பு அரண்மனை வாயிலில் எழுகிறது. மக்கள் திரண்டு, அவனை அடக்குங்கள் என்று மன்னனிடம் கூக்குரலிடுகிறார்கள். கோசல மன்னன் பசேநதி ஐந்நூறு குதிரை வீரர்களோடு புறப்படுகிறான். வழியில் புத்தரைக் காண்கிறான். அங்குலிமாலன் தலைமழித்துத் துறவியாக வாழ்வதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்க, வணங்குவேன், வேண்டியதை வழங்குவேன் என்கிறான். அருகில் அமர்ந்திருப்பவரே அவர் என்று அறிந்ததும் நடுங்குகிறான். பிறகு சீவரமும் உணவும் தருவதாகச் சொல்கிறான். அரசு ஒரே காட்சியில் மன்னித்துவிட்டது. கூக்குரலிட்டவர்களிடம் மன்னன் என்ன சொன்னான் என்பது சூத்திரத்தில் இல்லை.

அந்த இடைவெளிதான் பின்னர்க் கல்லாக வந்து விழுகிறது. அங்குலிமாலன் அருகத நிலை, அதாவது முழு விடுதலை, அடைந்த பிறகு சாவத்தி நகருக்குள் பிண்டபாதத்துக்குப் போகிறார். ஒருவர் எறிந்த மண்ணாங்கட்டி அவர் மேல் விழுகிறது. வேறொருவர் வீசிய தடி விழுகிறது. இன்னொருவர் விட்ட சல்லிக்கல் விழுகிறது. தலை உடைந்து, ஓடு நொறுங்கி, ஆடை கிழிந்து புத்தரிடம் திரும்புகிறார். நரகத்தில் நெடுங்காலம் அனுபவிக்க வேண்டிய வினையின் பயனை இங்கேயே அனுபவிக்கிறாய், பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். எறிந்தவர் எவர், ஏன் எறிந்தார் என்று பாலி மூலம் சொல்லவில்லை.

இங்கே சீன மொழிபெயர்ப்புகளை ஒப்பிட வேண்டும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்க்கப்பட்ட ஏகோத்தர ஆகமத்தில் அந்தக் கைகளுக்கு உரியவர்கள் தெரிகிறார்கள். நகரத்து ஆண்களும் பெண்களும் அவரை அடையாளம் காண்கிறார்கள். கணக்கற்ற உயிர்களைக் கொன்றவன் இப்போது ஊருக்குள் பிச்சைக்கு வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டே ஓட்டாலும் கல்லாலும் வாளாலும் தாக்குகிறார்கள். சம்யுக்த ஆகமத்தின் இரண்டு சீன வடிவங்களிலோ இந்த நிகழ்ச்சியே இல்லை. மன்னனின் வருகையும் இல்லை. துறவு, அருகத நிலை, செய்யுள்கள் என்று கதை முடிந்துவிடுகிறது.

இவற்றை ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் ஆசை எழுவது இயல்பு: முதலில் எதிர்ப்பாளரே இல்லாத கதை, பிறகு முகமுள்ள எதிர்ப்பாளர், பிறகு முகம் மறைந்த எதிர்ப்பாளர். ஆனால் நமக்குத் தெரிந்தவை மொழிபெயர்ப்புக் காலங்கள். கதை உருவான காலங்கள் அல்ல. சம்யுக்த ஆகம வடிவம் பழைய சுருக்கமாகவும் இருக்கலாம், பின்னாளைய குறைப்பாகவும் இருக்கலாம். எனவே கால வரிசை பேசாமல், ஒவ்வொரு வடிவமும் மறுப்பவரை எங்கே வைக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரைக்கு அடிப்படையான சான்று, மச்சிம நிகாயத்துக்குப் புத்தகோசர் எழுதிய பபஞ்சசூதனியில் இருக்கிறது. கல் விழுந்த இடத்துக்கு அவர் தரும் விளக்கம் வியப்பானது. அந்தக் கற்கள் அங்குலிமாலனை நோக்கி எறியப்படவே இல்லையாம். சுற்றிலும் அம்பு பாயும் தொலைவுக்குள் யாரேனும் காக்கையையோ நாயையோ பன்றியையோ விரட்ட எந்தத் திசையில் எறிந்தாலும், அது வந்து தேரர் உடம்பிலேயே விழுமாம். எதுவரை இப்படி நடக்கும் என்று உரை தானே கேட்டுக்கொண்டு தானே விடை சொல்கிறது: பிச்சைக்குப் புறப்படும்போது ஆடையின் முடிச்சைப் பூட்டிய இடத்திலிருந்து, திரும்பி அதே இடத்துக்கு வரும்வரை. எல்லை வகுத்துச் சொல்லும் இந்தத் துல்லியம் சும்மா வந்ததன்று. கல்லிலிருந்து கையைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் உரைகாரருக்கு இருந்திருக்கிறது.

அதே உரை, சில பத்திகள் தள்ளி, அங்குலிமாலனின் செய்யுள்களுக்கு வருகிறது. தன் பகைவர்களும் அறவுரை கேட்கட்டும் என்று அவர் வேண்டும் செய்யுள் ஒன்று உண்டு. அது தேரகாதையிலும் இடம்பெறுகிறது. அந்தப் பகைவர் எவர் என்று உரை விளக்குகிறது: அங்குலிமாலன் கொன்ற உறவினரை எண்ணி நாங்கள் படும் துன்பத்தை அவனும் படட்டும் என்று பேசுகிறவர்கள். தேரகாதைக்கு உரை எழுதிய தம்மபாலரும் இதையே சொல்கிறார்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் முரண் தெளிவாகும். ஒரே உரையில், கல்லெறிகிறவருக்குப் பகை இல்லை. பகை கொண்டவர் கையில் கல் இல்லை. பாலி மூலத்தில் பெயரின்றிக் கிடந்த கூட்டத்தை உரை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பக்கம் காக்கை விரட்டும் அப்பாவிகள். மறுபக்கம் பேச மட்டும் செய்கிற துக்கக்காரர்கள். ஏன்?

வினைப்பயனுக்குச் செய்வோன் தேவையில்லை, வினை தானே வழி தேடிக்கொள்ளும் என்று காட்டவே காக்கை விளக்கம் எழுந்தது என்பது எளிய விடை. அதில் தவறில்லை, ஆனால் போதாது. அங்குலிமாலன் இப்போது அருகதர். அருகதரைக் கொல்வது, மறுபிறவியில் தப்பாமல் நரகம் சேர்க்கும் ஐந்து கொடுவினைகளுள் ஒன்று. அவரைக் குருதி சிந்த அடிப்பதும் சிறு பிழையாகாது. பகையோடு எறிந்தார்கள் என்று உரைகாரர் ஒப்புக்கொண்டால், மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மனைவியும் கொன்றவனுக்காகவே பெரும்பாவிகளாகிவிடுவர். உரை அவர்களைக் காக்கிறது என்பதே என் வாசிப்பு. உரை இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் துக்கக்காரருக்குப் பேச்சை விட்டுவைத்து, கல்லை மட்டும் பிடுங்கிய செயலுக்கு வேறு நோக்கம் எனக்குப் புலப்படவில்லை. வினைக் கோட்பாட்டை விளக்குவது மட்டுமே குறிக்கோளாக இருந்திருந்தால், பகைவர் செய்யுளையும் பொதுப்படையாக விளக்கிக் கடந்திருக்கலாம். இறந்தவர்களின் உறவினரை அங்கே வலிந்து கொண்டுவர வேண்டியதில்லை.

ஊரின் அச்சத்தை உரை பொருட்படுத்துகிறது என்பதற்கு இன்னொரு சான்று, பேறுகாலத்தில் தவித்த பெண்ணின் நிகழ்ச்சி. அங்குலிமாலன் வாய்மை மொழிந்து அவளைக் காப்பாற்றுகிறார். இலங்கையில் கருவுற்ற பெண்களுக்காக இன்றும் ஓதப்படும் அங்குலிமால பிரித் இதிலிருந்து வந்தது. புத்தர் ஏன் அவரை இதைச் செய்யச் சொன்னார் என்று உரை கேட்கிறது. மக்கள் அவரைக் கண்டு ஓடியதால் பிச்சை கிடைக்கவில்லை. அவர் உள்ளம் கனிந்ததை அறிந்தால் நெருங்குவார்கள் என்கிறது விடை. மன்னன் மன்னித்தது ஊருக்குப் போதவில்லை, ஊருக்குத் தனியாக ஒரு சான்று வேண்டும் என்பதை உரைகாரர் உணர்ந்திருக்கிறார்.

இந்த விளக்கங்களின் காலம் தீர்வாகாத சிக்கல். அநுராதபுரத்து மகாவிகாரையின் பழைய சிங்கள உரைகளைப் பாலியில் ஆக்குவதாகவே புத்தகோசர் சொல்கிறார். எனவே காக்கை விளக்கம் ஐந்தாம் நூற்றாண்டுக்குப் பல தலைமுறைகள் முற்பட்டதாக இருக்கலாம். பபஞ்சசூதனியின் முடிவுரையோ, மயூரசுத்தபட்டணத்தில் தம்மோடு வாழ்ந்த புத்தமித்தரின் வேண்டுகோளால் அந்நூல் எழுந்தது என்கிறது. அவ்வூர் மயிலாடுதுறையா மயிலாப்பூரா என்பது இன்னும் முடிவாகவில்லை. தமிழ்நாட்டுப் பௌத்தரிடமிருந்து இந்த விளக்கம் வந்தது என்று சொல்ல அது போதாது. வந்திருக்கவே முடியாது என்று சொல்லவும் இடமில்லை.

மறுப்பவருக்குப் பெயரும் பதவியும் தந்த ஒரே வடிவம் மகாசுதசோம ஜாதகம். அங்குலிமாலனை அடக்கிய நிகழ்ச்சியை ஒட்டிச் சொல்லப்படும் பழம்பிறப்புக் கதை அது. மனித ஊன் தின்னும் வாரணாசி மன்னனை அவன் தளபதி காளஹத்தி நாடு கடத்துகிறான். பின்னர்ச் சுதசோமன் அவனைத் திருத்தி அழைத்து வரும்போது, நகரத்தார் வாயிலை அடைத்துப் படைக்கலத்தோடு நிற்கிறார்கள். சுதசோமன் உள்ளே வந்து பேசிய பிறகே வழி திறக்கிறது. கதையின் முடிவில், அப்பிறவியின் ஊன் தின்னி இப்பிறவியின் அங்குலிமாலன், சுதசோமன் புத்தர், காளஹத்தி சாரிபுத்தர் என்று வகுக்கப்படுகிறது. திருந்தியவனுக்குத் தடையாக நின்ற ஊரின் காவல் தலைவன், அறிவில் முதல்வர் என்று புத்தரே போற்றிய சீடராகப் பிறக்கிறான். புத்தரின் பகைவனான தேவதத்தனின் இடம் அவனுக்குத் தரப்படவில்லை.

ஜாதக உரைநடையின் காலமும் உறுதியில்லாததால், பபஞ்சசூதனிக்கு அது முந்தியதா பிந்தியதா என்று சொல்ல மாட்டேன். இரண்டும் செல்லும் திசை மட்டும் ஒன்றே. மீட்சியை மறுப்பவரைக் கதையின் தீயவராக்குவது எளிது. மீண்டவரின் பெருமை அதனால் கூடவும் செய்யும். பாலி மரபு அந்த எளிய வழியில் போகவில்லை. விநயம் மறுத்தவர்களின் சொல்லைச் சட்டமாக்கியது. உரை அவர்களைப் பாவத்திலிருந்து விலக்கியது. ஜாதகம் சாரிபுத்தரின் பழம்பிறப்பாக்கிச் சிறப்பித்தது. கோம்பிரிச்சு சொன்னபடி அங்குலிமாலன் சைவ நோன்பினனாகவே இருந்திருந்தாலும் இந்த மூன்றும் மாறப் போவதில்லை. அவர் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தாலும் கல்லெறிந்தவர்களைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கும். சம்யுக்த ஆகம வடிவத்தில் அவர்கள் ஏன் இல்லை என்பதற்கு விடை கிடைக்கும்வரை, இந்த மூன்று நிலைகளையும் ஒரே வளர்ச்சியின் படிகள் என்று அல்லாமல், ஒரே சங்கடத்துக்கு மூன்று இடங்களில் தேடப்பட்ட தீர்வுகள் என்று கொள்வதே பொருத்தம்.