நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும்: ஊர்ப்பெயரும் நெசவு வரலாறும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றுள் களியக்காவிளை தமிழ்நாட்டிலும் ஏனையவை கேரளத்திலும் உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது இவ்வெல்லை தோன்றியது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஊர்ப்பெயர்களோ இவ்வெல்லைக்கு உட்பட்டவை அல்ல. தோட்டநிலத்தைக் குறிக்கும் ‘விளை’ அமரவிளையிலும் களியக்காவிளையிலும் ஒருங்கே காணப்படுகிறது.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றிப் பூவாற்றில் கடலொடு கலக்கும் நெய்யாற்றின் கரையில் அமைந்தமையால் நெய்யாற்றின்கரை அப்பெயர் பெற்றது. அண்மையிலுள்ள பாலராமபுரம் கைத்தறித் துணிக்குப் புகழ்பெற்றது. ஆதலின், ‘நெய்’ என்பதனை நெசவுவினையாகக் கொண்டு ஆற்றின் பெயருக்கு விளக்கம் கூறும் எண்ணம் எழக்கூடும். அது பொருந்தாது. பாலராமவர்மர் (1798–1810) காலத்தில், உம்மிணித் தம்பி முன்னின்று, தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியரை வரவழைத்துக் குடியேற்றினார் என்பர். நெய்யாற்றின்கரையோ மார்த்தாண்டவர்மர் (1729–1758) வரலாற்றிலேயே இடம்பெறும் ஊராகும். ஆகவே ஊர்ப்பெயர் முந்தியது; நெசவுக் குடியேற்றம் பிந்தியது. ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவ்வெச்சரிக்கை உதியன்குளங்கரைக்கும் பொருந்தும். ‘உதியன்’ சங்க காலச் சேரர் பெயராகும். எனினும் பெயரொன்றைக் கொண்டே அக்குளத்தைச் சேரர் வெட்டிய குளமெனத் துணிதல் இயலாது. தெற்கேயுள்ள பார்த்திவபுரத்தைப் பற்றிய 866ஆம் ஆண்டுச் செப்பேடு ஆய் மன்னன் கருநந்தடக்கனுடையது. வடமொழியும் தமிழும் கொண்டது. சட்டர் தொண்ணூற்றைவர்க்கு உரிய சாலையைக் குறிப்பது. இத்தகைய எழுத்துச் சான்று கிடைக்கும்வரை உதியன் என்னும் பெயர் கருதுகோளாகவே நிற்கும்.

நெசவுச் சொற்களில் இருமொழி உறவு தெளிவாகப் புலப்படுகிறது. ‘தறி’, ‘பாவு’ ஆகியன தமிழிலும் மலையாளத்திலும் வழங்குவன. ஆற்றின் ஓரத்தைக் குறிக்கும் ‘கரை’ துணியின் ஓரத்தையும் குறிக்கும். மலையாளத்தில் அதுவே ‘கர’ என இருபொருளிலும் வழங்குகிறது. மலையாளத்தில் ‘கசவு’ எனப்படும் பொன்னிழையைத் தமிழர் ‘சரிகை’ என்பர். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற பாலராமபுரத் துணியைப் பற்றி எழுதும் மொழிபெயர்ப்பாளர் ‘கசவு’ என்பதனை எல்லா இடத்தும் ‘சரிகை’ என மாற்றின் பொருள் விளங்கும். ஆயின் துணியின் வட்டார அடையாளம் மறையும். முதலிடத்தில் இரண்டையும் இணைத்துக் காட்டிப் பின்னர்க் ‘கசவு’ என்றே வழங்குதல் தகும்.

ஊர்ப்பெயர்க்கு இம்முறை வேண்டுவதில்லை. ‘நெய்யாற்றின்கர’ என்னும் மலையாள வடிவின் ஈற்று அகரம் தமிழ் ஐகாரத்திற்கு நேரானது. ஆகவே ‘நெய்யாற்றின்கரை’ என எழுதுதல் மொழிபெயர்ப்பு அன்று. ஒரே பெயரின் தமிழ் வடிவமே ஆகும்.