23-வது சுற்றில் வந்த பெயர்

ஸ்போர்ட்ஸ் டீம்ல மீடியா வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். மேட்ச் முடிஞ்சு ரசிகர்கள் வீட்டுக்குப் போனப்புறம்தான் அவங்க வேலையே சூடு பிடிக்கும். இதுக்கு நடுவுல அப்ரைசல் ஃபார்ம் வந்து, "பத்து வருஷத்துல எங்க இருப்பீங்க?"ன்னு கேக்கும். அந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டு இன்னைக்கு நான் பீட் ரோசெல் கதையைச் சொல்றேன்.

1951. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பத்திப் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுப்பது 25 வயசு ரோசெல்லின் வேலை. அணி ஆடிய 9 ஆட்டத்திலும் வெற்றி. ஆனா சீசன் முடிவில் நடக்கும் 'பவுல்' ஆட்டத்துக்கு வரணும்னா, ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின வீரர்களையும் விட்டுட்டு வரணும்னு பேச்சு வந்தது. அணி மறுத்துடுச்சு. வெறுங்கையோட நின்னது. பணப் பிரச்சினையில் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே நிறுத்திடுச்சு. எவ்வளவு நல்லா எழுதினாலும் ஒரு பி.ஆர். ஆளால மாத்த முடியாத விஷயம் இது.

1952-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் பி.ஆர். வேலை. அதை விட்டு ஒரு பி.ஆர். நிறுவனம். 1957-ல் திரும்பவும் ராம்ஸ், இந்த முறை ஜெனரல் மேனேஜரா. காரணம்? அணியோட முதலாளிகள் ஒருத்தருக்கொருத்தர் முறைச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாத் தரப்போடும் பேசக்கூடிய ஆள் தேவைப்பட்டார். ஆட்டத்துல அவர் ஜெயிச்சாரான்னா, இல்லை. பல வீரர்களைக் கொடுத்து அதே மேட்சனை வாங்கினார். 1959 சீசன்ல ராம்ஸுக்கு 2 வெற்றி, 10 தோல்வி.

அதே அக்டோபர்ல என்.எஃப்.எல். கமிஷனர் பெர்ட் பெல் இறந்தார். 1960 ஜனவரியில் முதலாளிகள் மயாமி பீச்சில் கூடி, ஓட்டு மேல ஓட்டு போட்டும் யாருக்கும் போதிய ஆதரவு கிடைக்கலை. கடைசியில ரோசெல் பேரு வந்தது. அவரை வெளியே அனுப்பினாங்க. நிருபர்கள் கண்ணுல படக்கூடாதேன்னு பாத்ரூம்ல நின்னு, யாராவது வந்தா கை கழுவுற மாதிரி காட்டிக்கிட்டார். 23-வது சுற்றில் 33 வயசு கமிஷனர்.

அதுவரை ஒவ்வொரு அணியும் டிவி உரிமையைத் தனித்தனியா வித்துச்சு. நியூயார்க்குக்குக் கொட்டும், கிரீன் பே மாதிரி சின்ன ஊருக்குச் சொட்டும். எல்லாரும் சேர்ந்து வித்து, சமமாப் பிரிச்சுக்கலாம்னு பெரிய முதலாளிகளை அவர் சம்மதிக்க வெச்சார். 1961-ல் அதுக்கு வழிவிடும் சட்டம் வந்தது. 1962-ல் சி.பி.எஸ். வருஷத்துக்கு 46.5 லட்சம் டாலர் கொடுத்தது. பகையாளிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கிற பழைய பி.ஆர். வேலைதான் இதுவும்.

தப்பும் பண்ணினார். 1963-ல் கென்னடி கொல்லப்பட்ட இரண்டாம் நாளே ஆட்டங்களை நடத்தவிட்டார். பின்னாள்ல அதுக்காக வருந்தினார்.

இப்போ ஃபார்முக்கு வருவோம். கமிஷனர் பதவி அவர் குறி வெச்சு அடிச்சது இல்லை. அதனால பதவிப் பேரை எழுதுறதை விட, எந்தத் திறமையை வளர்க்கப் போறோம், எந்த விஷயத்தை மாத்தணும்னு எழுதுறது மேல்னு எனக்குத் தோணுது.

ஏன்னா, 1965-ல் என்.எஃப்.எல். தன் முதல் கறுப்பின நடுவரை நியமிச்சது. அவர் பேரு பர்ல் டோலர். அப்போ கமிஷனர் நாற்காலியில் இருந்தவர், 1951-ல் அந்த அணிக்குச் செய்தி எழுதின அதே பையன்.