ஃபுல் மீல்ஸ் பிறந்த கதை

தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள். 2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பு சொன்ன எண் 2.35 சதவீதம். பகல் பன்னிரண்டரைக்கு மயிலாப்பூர் மாட வீதியிலோ தி.நகர் உஸ்மான் ரோட்டிலோ நடப்பவருக்கு இதை நம்புவது கஷ்டம். 'உயர்தர சைவ உணவகம்' என்று போர்டு மாட்டிய இடத்திலெல்லாம் கூட்டம். உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுகொண்டு, அவர் எப்போது மோருக்கு வருவார் என்று இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். நிற்பவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டுக்காரர்கள். கணக்குப்படி அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

அந்த இலையைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. மனிதனுக்கு இயற்கையான உணவு இதுதான், முன்னோர் சாப்பிட்டது, உடம்புக்கு நல்லது என்பது ஒன்று. புரதம் இல்லாத வெறும் சோறு, இதனால்தான் வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதி என்பது மற்றொன்று. இலை எப்படி வந்தது, எப்போது வந்தது என்று இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பதில்லை.

முன்னோர் சாப்பிட்டது எதுவென்று பார்க்க மயிலாப்பூர் வீடுகளில் நடக்கும் திவசச் சமையலைப் பார்த்தால் போதும். அன்றைக்கு மிளகாய் கிடையாது, மிளகுதான். துவரம்பருப்பு கிடையாது, பயத்தம்பருப்பு. ஆகையால் சாம்பாரே கிடையாது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு என்று நாட்டுக் காய்கள் மட்டும். உருளைக்கிழங்கு, தக்காளி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சௌசௌ எல்லாம் 'இங்கிலீஷ் காய்' என்று வெளியே நிற்கும். மிளகாயும் இங்கிலீஷ் காய்களும் கப்பலில் வருவதற்கு முன்னால் இருந்த சைவச் சமையல் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். இதிலும் ஒரு ஓட்டை: பல வீட்டுத் திவசத்தில் தாராளமாகப் பரிமாறும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. இதைத் திவசம் நடத்திவைக்கும் வாத்தியாரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இன்னும் பின்னால் போனால் விஷயம் வேறு மாதிரி. சங்ககாலத்து அந்தணர் கபிலர், புறநானூற்றில் ஊன் சோறு உண்ட தம் கையைப் பற்றிச் சங்கடமே இல்லாமல் பாடுகிறார். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவருக்கு மயிலாப்பூரில் கோயில் இருக்கிறது. அவர் அந்தப் பத்துக் குறளிலும் பல்லைப் பற்றியோ குடலைப் பற்றியோ பேசவில்லை. உயிரைக் கொல்லாதே என்பதுதான் வாதம். வடலூர் வள்ளலாருக்கும் அதுவே.

அப்படியானால் சாம்பார், கூட்டு, பொரியல், ரசம், மோர், அப்பளம் என்று இன்று நாம் காணும் ஃபுல் மீல்ஸைக் கட்டியது யார்? பெரும்பங்கு உடுப்பிக்காரர்களுடையது. உடுப்பி கிருஷ்ணன் கோயில், மடங்கள் சார்ந்த சமையல்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மதராஸுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கே. கிருஷ்ண ராவ். சமையலறைக் கையாளாகத் தொடங்கி, சிறிய ஓட்டல் நடத்தி, 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். பிறகு எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ். 1962-ல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்ட அந்த இடம் 2008-ல் மூடப்பட்டு, இப்போது செம்மொழிப் பூங்காவாக இருக்கிறது.

இந்த ஓட்டல்கள் ஏன் சைவமாக இருந்தன என்பதற்கான பதிலைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும். உயர்நீதிமன்றத்துக்கு வழக்காட வந்தவர், கல்லூரியில் சேர வந்த பையன், குமாஸ்தா வேலைக்கு வந்தவர் என்று பல ஊர், பல சாதிக்காரர்கள் ஒரே நகரத்தில் சாப்பாட்டுக்கு அலைந்தார்கள். யார் சமைத்ததை யார் தொடலாம் என்ற கணக்கு எல்லார் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. பிராமணர் சமைத்த சைவச் சாப்பாட்டை ஏறக்குறைய எல்லாச் சாதியினரும் சாப்பிடுவார்கள். மற்றவர் சமைத்தால் சிலர் எழுந்து போய்விடுவார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடத் தெளிவான சந்தை ஆய்வு தேவையில்லை. சமைப்பது பிராமணர் என்பதோடு நிற்கவில்லை, பிராமணர் சாப்பிடத் தனி இடமும் இருந்தது. பெரியார் இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்பால் ரயில் நிலைய உணவுச்சாலைகளில் அந்தத் தனி இடம் 1941-ல் போயிற்று. ஓட்டல் போர்டுகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல் போக இன்னும் நாளாயிற்று. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பல மாதங்கள் மறியல் நடந்தது, பலர் கைதானார்கள், கடைசியில் போர்டு மாறியது.

'பிராமணாள்' இருந்த இடத்துக்கு நாளடைவில் 'சைவம்' வந்து உட்கார்ந்தது. அடுத்த மாற்றம் 1981-ல். தூத்துக்குடிப் பக்கத்துப் புன்னையடி கிராமத்தில் வெங்காய வியாபாரம் செய்தவரின் மகன் பி. ராஜகோபால், கே.கே. நகரில் சரவண பவனைத் திறந்தார். கே.கே. நகரில் நல்ல ஓட்டல் இல்லாததால் மதியச் சாப்பாட்டுக்குத் தி.நகர் வரை போக வேண்டியிருக்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டதுதான் தொடக்கம் என்பார்கள். சைவ ஓட்டல் நடத்தப் பூணூல் வேண்டியதில்லை என்பது அதோடு முடிவாகிவிட்டது.

ஆக, இலை பிறந்ததில் சாதி இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, பசி இருக்கிறது. ஆரோக்கியம் எங்கும் காணோம். 'மனித உடம்பே காய்கறிக்காகப் படைக்கப்பட்டது' என்ற வாதம் மதராஸுக்கு வந்த வழி வேறு. 1882 கடைசியில் பிரம்மஞான சபை பம்பாயிலிருந்து அடையாற்றங்கரைக்குக் குடிவந்தது. அந்தச் சபையோடு தொடர்புடைய அன்னா கிங்ஸ்ஃபோர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1880-ல் பாரிஸில் மருத்துவப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடே மனிதனின் தாவர உணவைப் பற்றியது. பல், தாடை, குடல் அமைப்பையெல்லாம் வைத்து மனிதன் புலால் உண்ணப் பிறந்தவன் இல்லை என்று வாதாடினார். அந்த ஆய்வேட்டிலிருந்து பிறந்த அவர் புத்தகத்தை லண்டனில் சட்டம் படித்த காந்தியும் வாசித்தார். பிறகு சபையின் தலைவரான அன்னி பெசன்ட் சைவ உணவைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். தாத்தா காலத்திலிருந்து மரக்கறி தின்ற மயிலாப்பூர் வக்கீல்களுக்கு, தங்கள் பழக்கத்துக்கு விஞ்ஞானமும் துணை நிற்கிறது என்பதை ஒரு வெள்ளைக்காரி ஆங்கிலத்தில் சொன்னது எவ்வளவு இனித்திருக்கும் என்று ஊகிக்கலாம். காந்தி பின்னாளில் இந்த வாதத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளவில்லை. 1931-ல் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பேசியபோது, உடல்நலத்தை நம்பிச் சைவத்துக்கு வருபவர்கள் நிலைப்பதில்லை, அறம்தான் அடிப்படை என்றார். அடையாற்றிலிருந்தே மாநிலங்களவைக்குப் போன ருக்மிணி தேவி அருண்டேலும் அந்த வழிக்காரர். விலங்கு வதைத் தடுப்புக்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்து.

அடையாற்றில் பெசன்ட் சைவத்தைப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே நீலகிரியில் ஒருவர் எலிகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ராணுவ மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பு அங்கேதான். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராசி என்று ஒவ்வொரு வட்டாரத்தாரின் சாப்பாட்டையும் அப்படியே சமைத்து எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்தார். சீக்கியச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராசி எலிதான் எல்லாவற்றிலும் சிறுத்தது.

அசைவக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் துள்ளிக் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். சீக்கிய எலிக்குக் கறி எப்போதாவதுதான். அதன் அன்றாடச் சாப்பாடு தவிடு நீக்காத கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, கீரை, காய். மதராசி எலிக்குக் கிடைத்ததோ, தீட்டி, களைந்து, கஞ்சி வடித்த அரிசி. அதோடு கொஞ்சம் பருப்பு, புளி, தேங்காய். பால் பெயருக்கு. கறி இருந்ததா இல்லையா என்பதைவிட, அரிசி என்ன ஆனது, பால் எவ்வளவு கிடைத்தது என்பவைதான் எலியின் எடையைத் தீர்மானித்தன.

அரிசியின் கதை ஆலையோடு மாறியது. உலக்கையால் குத்திய அரிசியில் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலை அரிசி பளிச்சென்று வரும், தவிட்டோடு தயமின் என்ற வைட்டமின் போய்விடும். பச்சரிசியை ஆலையில் தீட்டிச் சாப்பிட்ட வட சர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கரையோரத்தில், தயமின் குறைவால் பெரிபெரி நோய் வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்த வைட்டமின் உமிப்பக்கத்திலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. மக்காரிசனுக்குப் பின் குன்னூர் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்ற அய்க்ராய்ட் காலத்தில் இது தெளிவாயிற்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியாகக் கைக்குத்தல் அரிசிக்காக ஊர் ஊராகப் பேசினார். ஊர் கேட்டுக்கொண்டது, ஆனால் வெள்ளை அரிசியை வாங்கிக்கொண்டது. வெள்ளைச் சோறு பணக்காரர் சோறு.

ஓட்டல் இலையில் அந்தச் சோறுதான் ராஜா. கூட்டு ஒரு குழிக்கரண்டி, பொரியல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சாதம் மட்டும் சாம்பாருக்கு ஒரு தடவை, வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. 'போதும்' என்று கையைக் குறுக்கே நீட்டினால் விரலிடுக்கு வழியாக இன்னும் கொஞ்சம் விழும். உபசாரம் என்று நாம் நினைப்பதில் கல்லாக் கணக்கும் உண்டு. இலையில் மலிவானது சாதம். பருப்பும் காயும் தயிரும் விலை கூடியவை. 'அளவில்லாச் சாப்பாடு' என்றால் அளவில்லாத அரிசி.

இதன் விளைவை அளந்த இடம் மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோபாலபுரத்தில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, 2001-ல் தொடங்கிய சென்னை ஆய்வில் ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாட்டைக் கேட்டு எழுதியது. அவர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. அது கூடக் கூட நீரிழிவு கூடியது. நார்ச்சத்து கூடக் கூடக் குறைந்தது. ஆய்வில் இருந்தவர்களில் சைவர், அசைவர் இருவரும் உண்டு. வாரம் ஒரு நாள் கறி சாப்பிட்டவரின் தட்டிலும் அதே சோற்று மலைதான்.

பிரிட்டனில் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அங்கே சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் அசைவர்களைவிடக் குறைவு, பக்கவாதம் சற்றுக் கூடுதல். அந்த ஊர்ச் சைவத் தட்டு வேறு, நம்முடையது வேறு என்பதால் இதை வைத்து இங்கே யாரும் மார்தட்டவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

இயற்கையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: மனிதன் எதையும் தின்னக்கூடிய பிராணி. கிங்ஸ்ஃபோர்ட் அம்மையார் பல்லைக் காட்டிச் சொன்னது எடுபடாது. ஆனால் சைவமாக இருந்தே நன்றாக வாழ முடியும், முக்கியமாக ஓர் இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். அது வைட்டமின் பி12. செடி கொடிகளில் அது கிடையாது. சிலரின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்கின்றன என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மத்தான், பேக்கர் மூவரும் 1980-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதை நம்பி உட்கார முடியாது. சென்னைச் சைவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றுவது பாலும், கடைசியில் வரும் தயிரும்தான். ஓட்டலில் தயிர் ஒரு சின்னக் கிண்ணம், அதற்கு மேல் தண்ணீராய் ஓடும் மோர். வயதானவர்கள், பாலும் தவிர்க்கும் இளைஞர்கள் ரத்தத்தில் பி12 பார்த்துக்கொள்வது நல்லது.

கோபாலபுரத்துக்காரர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். உடல் எடை கூடியவர்களுக்குச் சில நாள் வெள்ளை அரிசி, சில நாள் பழுப்பு அரிசி, சில நாள் பழுப்பு அரிசியோடு கூடுதல் பயறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து நாள் முழுவதும் சர்க்கரையை அளந்தார்கள். பழுப்பு அரிசியில் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, பயறு சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம். 2014-ல் வெளியான இந்த முடிவை வைத்துக்கொண்டு மக்களிடம் போனால் தடை வேறொரு பக்கம். பழுப்பு அரிசியின் நிறம் பிடிக்கவில்லை, வேக நேரம் ஆகிறது, விருந்தாளிக்குப் போட முடியாது. கடைசியில் அவர்கள் நார்ச்சத்து கூடிய, ஆனால் பார்க்க வெள்ளையாகவே இருக்கும் அரிசி ஒன்றை உருவாக்கினார்கள். மெஸ் நடத்துகிறவரிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, மூட்டை என்ன விலை என்பதாகத்தான் இருக்கும்.